கவினின் அரைஞாண்

மார்ச் 4
பேரன் கவின் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு வயது. பிறவியிலேயே இதயம் மிக மெதுவாகத் துடிக்கும்; நாலடி ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். இப்போது வயிற்றுத் தோலுக்கடியில் தட்டையாக ஒரு பேஸ்மேக்கர். "தையல் ஆறுற வரைக்கும் அது மேல எதுவும் உரசக்கூடாது. கிருமி உள்ள போச்சுனா மிஷினையே முழுசா எடுக்கணும்" என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் அவன் இதயம் என்ன செய்யும்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 9
சம்பந்தியம்மா அங்கம்மா கோத்தா திங்கியிலிருந்து வந்தார். பூசையில் வைத்து எடுத்த வெள்ளி அரைஞாணைக் கவினுக்குக் கட்டினார். மருமகள் பிரேமலா தயங்கினாள்.
"வெறும் இடுப்போட விட்டதுனாலதான் புள்ளைக்கு இவ்ளோ கஷ்டம். லூசாத்தான்லா கட்டியிருக்கேன்."
டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா வீட்டுச் சீர்; குறுக்கே பேச நான் யார்? லூசாக இருந்தால் பரவாயில்லையோ?

மார்ச் 10
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12
காலையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தையலின் கீழ்முனை சிவந்திருக்கிறது. கொடி உரசும் அதே இடம். வேர்க்குருவா? கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வேர்க்குரு இல்லை.
மகன் சுகுமாறன் சிங்கப்பூரில், வேலையில். மருத்துவமனைத் தாதிக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார். "அங்கிள், அந்தக் கொடிய இப்பவே கழட்டுங்க. புள்ளைய கூட்டிட்டு வாங்க."
கொக்கி கழலவில்லை. குறடை எடுத்தேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார். "சாமி கொடுத்தத வெட்டுறீங்களா? நீங்க என்ன டாக்டரா?"
"விடுங்க! உள்ள மிஷின் இருக்கு, விடுங்க!" — நானா கத்தினேன்? கொடியை வெட்டினேன்.

அதே நாள், மாலை
எங்கள் செடெனாக்கிலிருந்து ஜொகூர் பாரு மருத்துவமனைக்குக் காரில் போனோம். டாக்டர் பார்த்தார்: கிருமி மேல்தோலில் மட்டும்தான் போலிருக்கிறதாம்; உள்ளே போயிருக்கிறதா என்று வார்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.
பிரேமலா மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்கே ஏன் மாமா சொல்லல?"
பயம் என்றா சொல்வேன்?

மார்ச் 15
உள்ளே போகவில்லை. உள்ளே போகவில்லை.
சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்க்காமலே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஏப்ரல் 27
சம்பந்தியம்மா இன்று வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கவினுக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தார். அவன் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான், மறுபடி ஓடினான். கிண்ணத்தோடு பின்னால் போனவருக்குத்தான் மூச்சு வாங்கியது.
"சம்பந்தி, சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! புடிங்க அவன!"
நான் பிடிக்கவில்லை.