சன்னல் வழியாக விழவில்லை

ஞானப்பூவின் அப்பாவுக்கு, கோயம்புத்தூர் விடுதிச் சமையற்கட்டிலிருந்து இன்னாசியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று உங்கள் தம்பி பீட்டர்ராஜ் என்னைப் பார்க்க வந்திருந்தார். "மதினி, அண்ணன் ஜீப்புக் கூண்டுல சன்னல் ரெண்டையும் ஃபைபர் வச்சு அடைச்சுட்டாக. தேய்ச்சுப் பெயிண்டும் அடிச்சாச்சு. சன்னல் எங்கன இருந்துச்சுன்னே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பிள்ள அது வழியா எட்டிப் பாத்துத்தான விழுந்துச்சு" என்றார்.

ஊரில் அப்படியா சொல்லி வைத்திருக்கிறீர்கள்? அந்தச் சன்னலில் என் மகள் ஞானப்பூவின் தலைகூட நுழையாது. பின்கதவில் கொண்டி உடைந்து, சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தீர்கள். குமுளி ஏற்றத்தில் டியூப் அறுந்து கதவு திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்தவள் நான்தானே? கொண்டி மாற்றச் சொன்னபோதெல்லாம், "ஏறி எறங்க டியூப்புதான் தோது, விடு" என்றீர்கள்.

இப்போதும் டியூப்தானாம். எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளோடு அதில்தான் ஏறுகிறார்கள். இப்போது அவர்களுக்குக் காற்றும் இல்லை.

இங்கே விடியற்காலையில் குளிர் அதிகம், என் பழைய போர்வையை அனுப்புங்கள். அவள் பாவாடைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உலை பொங்குகிறது, முடிக்கிறேன்.

கொண்டி போடும்வரை பின்னால் ஒருவரையும் ஏற்றாதீர்கள். ஏற்றியதாகக் கேள்விப்பட்டால், கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கே வந்து, பிள்ளை எதனால் செத்தாள் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவேன்.

இன்னாசியம்மாள்