காட்டோரக் கல்லறைக்கு வெள்ளை

29 அக்டோபர் 2010, வெள்ளி
காலையிலிருந்து தூறல். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியாயிற்று. பிரஷ் பழசே போதும். மெழுகுவத்தி, சாமந்தி பாக்கி. கல்லறைத் திருநாளுக்குள் மழை விடாது. கடலூர் மழைக்கு என்றைக்கு நாள் கிழமை தெரிந்திருக்கிறது?

என் அப்பா கல்லறையைப் பற்றி ஸ்டெல்லாவுக்குக் கவலையில்லை. "நம்ம புள்ளைக்கு யாரு வெள்ளை அடிப்பாங்க?" நாள் பூரா இதே கேள்வி.

அருள் செத்தது போன பனிக்காலத்தில், போலந்தில், வேலைக்குப் போன கிராமத்து ஆற்றில். உறைந்து கிடந்தது. கோடையில் பெண்ணையாற்றை நடந்தே கடந்து பழகிய பயல், அதன்மேலும் நடந்தான்; நடுவில் பனி உடைந்தது. பனி உருகித்தான் உடல் கிடைத்தது. அங்கேயே அடக்கம்.

30, சனி
மழை. கரண்ட் இல்லை. அட்லஸில் அந்த ஊர் இல்லை, ஆறு மட்டும் நூல் மாதிரி. அருளோடு வேலை பார்த்த, பக்கத்து ஊர் குடிகாட்டு பாபு போனில் சொன்னதுதான் எனக்குப் பூகோளம். மணல் நிலம். உருளைக்கிழங்கு. சுற்றிலும் பைன் காடு. இரண்டாம் உலகப் போரில் ஊரைக் கொளுத்தி, ஆட்களைக் காட்டோரம் நிறுத்திச் சுட்டு, ஒரே குழியில் தள்ளினார்களாம். யார் பெயரும் இல்லை. அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் அருளுக்கு இடம். ரிடையர் ஆகும்வரை இதை நான் பள்ளியில் நடத்தினேன். போலந்து, இரண்டு மார்க் கேள்வி.

இன்று அவனோடு பேசும்போது ஸ்டெல்லா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாபு, நாளைக்கு லீவுதான? சுண்ணாம்பு அடிச்சி கருப்புல பேரு எழுதிடுப்பா. சிலுவைல இருந்தது அழிஞ்சிபோச்சுன்னியே."
"சரி அத்தை."
இரவு சாப்பிட்டாள். கேட்டு வாங்கி.

31, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. முழங்கால். பாபு கூப்பிட்டான். "வெள்ளை வெளேர்னு இருக்கு மாமா. தமிழ்லயே எழுதிட்டேன்."
ஸ். அழுதாள். நல்ல அழுகை. எனக்கும் கொஞ்சம் மனசு ஆறிற்று.

1 நவம்பர், திங்கள்
போலந்துக்காரர்கள் கல்லறைக்குப் போவது இன்றைக்கு. மாலையில் பாபு, குரலே சரியில்லை. நல்லவேளை, ஸ். பூ வாங்கப் போயிருந்தாள்.
"தப்பாயிடுச்சி மாமா. ஒரு வயசான அம்மா பாத்துட்டு கத்தி அழுதுட்டாங்க. போர்ல சுட்டுக் குழியில தள்ளுன சனங்க மேல சுண்ணாம்பக் கொட்டித்தான் குழிய மூடுனாங்களாம். சில பேருக்கு உசிரு இருக்கும்போதே. அவுங்க அண்ணன் உள்ள இருக்காராம். வாளியில தண்ணி கொண்டாந்து தேச்சிக் கழுவிட்டாங்க. நான் எப்படித் தடுக்கறது?"
"பேரு?"
"சுண்ணாம்பு மேலதான எழுதுனேன். திரும்ப எழுதலாம்னா, ராத்திரியே எங்கள வேற ஊரு பேக்டரிக்கு ஏத்தறாங்க மாமா."
அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

2, செவ்வாய்
தூறல் சற்று விட்டபோது அப்பா கல்லறைக்கு. ஸ். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தாள். கொதித்து ஆவி வந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். பிரஷை நீட்டினாள்.
"அருளுக்கு அடிச்ச மாதிரி திக்கா அடிங்க."
அடித்தேன். மறுபடி தூறல்.
"மழையில அவன் பேரு அழியாதுல்ல?"
அங்கே மழை இல்லையாம் என்றேன்.