மறுதேர்வு எழுத மாட்டாள்

பிப்ரவரி 16, திங்கள். கிள்ளான்.

என் பேத்தி அபிராமி அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நேர்மையாக வாங்கிய மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதை நம்பித்தான் முழு உதவித்தொகையோடு இடம் தந்திருந்தது. இரண்டாம் தடவை எழுதியதில் மதிப்பெண் அளவுக்கு மீறி ஏறிவிட்டதாம்; வேறு யாரோ எழுதியிருக்கலாம் என்று தேர்வு நிறுவனத்துக்குச் சந்தேகம். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். தேர்வன்று எடுத்த படத்தில் நீண்ட கூந்தல். இப்போது மொட்டை. நல்ல மதிப்பெண் வந்தால் தைப்பூசத்தில் முடி இறக்குவதாக நான் பத்துமலை முருகனுக்கு வேண்டியிருந்தேன், இறக்கினோம்.

ஆள் அடையாளம் உறுதியாகவில்லை என்று ஒரே வரி. முடிதான் முகமா?

பிப்ரவரி 18

மார்ச் 14 அன்று கோலாலம்பூரில் இலவசமாக மறுதேர்வு எழுதலாமாம். பிச்சை போடுகிறார்கள்.

“எழுதிடுறேன் தாத்தா. ஃப்ரீதானே லா.”

“எழுதினா நீ ஏமாத்தினது உண்மைன்னு ஆயிரும். வேணாம்.”

மகள் ரமணி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “நீங்க சண்டையில ஜெயிக்கலாம்பா. இவ பிளேன் ஏறணும்.”

பிப்ரவரி 23

முறையீடு எழுதி அனுப்பினேன். துறைமுகத்தில் லோரிக்குள் காத்துக் கிடந்தபோது பேப்பர் படித்துக் கற்ற ஆங்கிலம், யாரையும் திருத்தவிடவில்லை. மொட்டை அடித்த படத்தையும் இணைத்தேன். உடனே பதில்: கிடைத்தது, நன்றி. இயந்திரம் எழுதியது.

மார்ச் 14, சனி

இன்றுதான் அந்த மறுதேர்வு. அபிராமி துணி மடித்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.

போகவிட்டிருக்கலாமோ — இல்லை. செய்யாத தப்புக்கு எதற்கு இரண்டாவது பரீட்சை? என்ன நியாயம்டா இது?

ஏப்ரல் 2

மதிப்பெண் இல்லை என்று பல்கலைக்கழகம் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவள் அழுதிருந்தால் பரவாயில்லை.

மே 3, ஞாயிறு

சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள். ரமணி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

நான் விடுவதாக இல்லை. தேர்வு நிறுவனம் அந்த மதிப்பெண்ணைத் திருப்பித் தர வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் இவள்தான் அவள் என்று எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகம் அடுத்த வருடத்துக்காவது இடம் வைக்க வேண்டும். நாளைக் காலை நான் அவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட வேண்டும். வண்டியில் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அபிராமி என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.