கல்லறைச் சுவரின் வடபக்கம்

கிராஸ்கில், யார்க்‌ஷயர்
1858 நவம்பர் 9

மதிப்பிற்குரிய திரு. ராட்ரே அவர்களுக்கு,

டாக்டர் ஹோல்ராய்டின் மனைவி டார்கஸ் எழுதுகிறேன். பல வருடங்களாக என் கணவரும் நீங்களும் பாசிகளைப் பற்றி எழுதிக்கொள்கிறீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கையெழுத்து எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். உங்கள் மனைவி எல்ஸ்பெத் அம்மையாரின் மறைவுக்கு நானும் அப்போதே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

கோடையில் இவர் எழுதிய ஆறுதல் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன வாரம் காலை உணவின்போது, அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆறுதலாத்தான் எழுதினேன். கடைசியில, கல்லறைத் தோட்டத்துக்குப் போறப்போ வடபக்கச் சுவரைப் பாருங்க, சாம்பல் நிறத்துல பாசி இருந்தா ஒரு துண்டு அனுப்புங்கன்னு கேட்டேன். அதுல என்ன தப்பு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெண்டாட்டியை மண்ணுல வெச்சிட்டு வந்து நிக்கிற மனுஷன்கிட்டயா பாசி கேட்டீங்க? உங்களுக்கெல்லாம் சிநேகிதம் ஒரு கேடா?" என்று திட்டிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்தவர் வைத்தவர்தான். அன்று நோயாளிகளைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

நார்வேயிலிருந்து வந்த பாசிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. வேறு நாளாக இருந்தால் கஞ்சிக் கிண்ணத்தில் பாசித்தூள் விழ விழப் பிரித்திருப்பார். தபால்காரர் ஆம்ப்ளர் வேறு, "ஐயா என் முகத்தைப் பாக்குறதே இல்லம்மா, பையைத்தான் பாக்குறாரு" என்று கேலி செய்கிறார். இவர் தினமும் 'அன்புள்ள ராட்ரே' என்று ஆரம்பிக்கிறார், கிழித்து அடுப்பில் போடுகிறார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் ரூபன் காய்ச்சலில் போய்விட்டான். எட்டு வயது. என்னால் அவன் கல்லறைப் பக்கமே போக முடியவில்லை. இவரோ ஞாயிறுதோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாகக் கிளம்பிவிடுவார். பிள்ளை கிடக்கிற இடத்தில் பாசி பொறுக்குகிறாரே, இதுவும் ஒரு மனமா என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. ஒரு ஞாயிறு சண்டை பிடிக்கவே பின்னால் போனேன். அவன் கல்லுக்கு முன்னால் ஈர மண்ணில் மண்டியிட்டு, "இந்த வாரம் புதுசா ஒண்ணு முளைச்சிருக்குடா, பாரு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து நானும் போகிறேன்.

பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் அவரால் அங்கே போக முடிந்தது. தனக்குத் தெரிந்த அந்த ஒரே வழியைத்தான் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். சொன்ன விதம் படு முட்டாள்தனம். அதற்காக நான் வாதாட வரவில்லை.

பாசி வேண்டாம். கோபத்தையே எழுதி அனுப்புங்கள், அதையும் நாலு தடவை படிப்பார். உங்களை இழந்துவிட்டோம் என்று நினைத்து அவர் இப்படி உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் இன்னும் கல்லறைக்குப் போகவில்லையென்றால் ஒரு தடவை போய்வாருங்கள் ஐயா. போனால், எங்களுக்கு ரூபன் என்று ஒரு பிள்ளை இருந்தான் என்று எல்ஸ்பெத் அம்மையாரிடம் சொல்லுங்கள். கூச்ச சுபாவம், தானாக வந்து பேசமாட்டான். அம்மையார்தான் அவனைக் கூப்பிட வேண்டும்.

ஆண்டவர் உங்களைத் தனியே விடாதிருப்பாராக.

தங்கள் உண்மையுள்ள,
டார்கஸ் ஹோல்ராய்ட்