ஒரே சூட்டில் இரண்டு புரோகிராம்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறும்வரை யோசித்து, வீட்டில் யாரையும் கலந்தாலோசிக்காமல், ஒரு பெரிய முடிவை எடுத்தேன். மேசை விசிறியை நிறுத்தினேன். ஒரகடத்து வெயிலில் இது சுலபமான முடிவல்ல என்பது உனக்குத் தெரியும். அது தலையைத் திருப்பித் திருப்பி வீசும் ரகம். சூடேறினால் மடிக்கணினி மந்தமாகும்; காற்று அதன் மேல் படும்போது யோசிக்கிற செஸ் புரோகிராமுக்கு லாபம். விசிறி சுவரைப் பார்க்கும்போது யோசிக்கிற மற்றதற்கு நஷ்டம். நீ இருந்திருந்தால் முதலில் அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருப்பாய்.

நாம் வேலை பார்த்தது ஒரே தொழிற்சாலையில். நான் பெயின்ட் ஷாப், நீ பிரேக் சோதனைப் பிரிவு. ஆளுக்கொரு செஸ் புரோகிராம் எழுதியிருந்தோம். எது நன்றாக ஆடுகிறதோ அதை மனமகிழ் மன்றத்துக் கணினியில் ஏற்றுவதாக மன்றச் செயலாளர் ஏழுமலை சொன்னார். ஒன்றுக்குத்தான் இடம், இரண்டு வைத்தால் கட்சி பிரிந்துவிடும் என்றார். ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்கள் என் புரோகிராமிடம் தோற்கப்போகிறார்கள் என்ற ஆசையில் எனக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. உனக்கும் அதே ஆசை இருந்தது. நீ சாப்பிட்டாய்.

முதல் போட்டி வாலாஜாபாத்தில், உன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. உன் கணினியும் என் கணினியும் எதிரெதிரே. உன் புரோகிராம் என்னுடையதைத் துவைத்து எடுத்தது. நான் தோல்வியை ஒப்புக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நீ மேசைக்கு அடியில் குனிந்தாய். உன் கணினி கரன்ட்டில் ஓடியிருக்கிறது. என்னுடையது பேட்டரியில், சிக்கனம் கருதித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு.

"ஜெயிச்சது என் புரோகிராம் இல்லப்பா, என் சார்ஜர்" என்று சொல்லி எல்லா ஆட்டங்களையும் அழித்தாய். ஜெயித்ததை அழிக்கிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாக உன் மனைவி சொன்னார்.

அடுத்த முறை இரண்டையும் ஒரே கணினியில் ஓடவிட்டோம். என்னுடையது முன்னால் போனது. நான் கொண்டாடத் தொடங்கியபோது நீ காரணத்தைக் கண்டுபிடித்தாய். உன் முறையிலும் என் புரோகிராம் சும்மா இராமல் யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கான பலத்தை உன்னுடையதிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அது அதன் ஓவர்டைம் உழைப்பு என்று வாதாடிப் பார்த்தேன்.

"ஓ.டி. குடுத்தா ரெண்டு பேருக்கும் குடு. இல்லன்னா ஒருத்தனுக்கும் வாணாம்" என்றாய்.

அதுவும் அழிந்தது. பிறகு, ஒரே தொடக்க நிலையிலிருந்து வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி ஆட வேண்டும் என்றாய். இரண்டு பிரேக் பேடுகளை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவது உங்கள் பிரிவின் வழக்கம். அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கணினி ஆறும்வரை காத்திருந்து பஜ்ஜி சாப்பிட்டோம். அதையும் சமமாகவே பங்கிட்டாய்.

அதுவரை மன்றத்தில் எல்லோரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை உன்னை எங்கே பார்த்தாலும் விடமாட்டார்.

"இன்னாபா, உங்க ரெண்டும் சண்ட போட்டு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் போலக்கீதே?"

ரிட்டயர் ஆனவர்களும் வந்து ஆடலாம், மன்ற விதியில் இடமிருக்கிறது என்று நீ ஆறுதல் சொன்னாய்.

உனக்கு வந்த மாரடைப்பு அந்த விதிகள் எதையும் மதிக்கவில்லை. போட்டி பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, விசிறி நின்ற அறையில் வியர்த்துக்கொண்டே, உன் நிபந்தனைகள் அத்தனையோடும் அதை முடித்தேன். உன் புரோகிராம் ஜெயித்தது. உடனே மேசைக்கு அடியில் குனிந்தேன். ப்ளக் சரியாக இருந்தது. யாருக்கும் ஓ.டி. இல்லை. என்னைக் காப்பாற்ற ஓர் அநியாயமாவது அகப்படுமா என்று தேடினேன். நீ ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். பெயின்ட் ஷாப்பில்கூட, ஒரு லைன் இன்னொன்றை முந்தினால் இப்போதெல்லாம் கைதட்டுமுன் குனிந்து பார்க்கிறேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், போகாது போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஏழுமலை உன் புரோகிராமை மன்றக் கணினியில் ஏற்றினார். டீ இடைவேளை முடிவதற்குள் ராணியை இழந்தார்.