இடப்பக்கம் மேலே

இன்று காலை உன் மகள் உன் கிமோனோப் பெட்டியை என் டைனிங் டேபிளில் வைத்துத் திறந்ததும் சூட வாசனை குப்பென்று எழுந்தது. ஜப்பான்காரர்களும் துணியில் பூச்சி அண்டாமல் இருக்கச் சூடம்தான் போடுகிறார்கள் என்று தெரிந்த அன்று, "பாத்தியாடி, நம்மாளுங்கதான் அவங்க" என்று குதித்தாய். எனக்கு இப்போதெல்லாம் அந்த வாசனைக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை. நீ பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. திரும்பியும் பார்க்கிறேன், வெட்கமில்லாமல்.

பெட்டியில் மேலாக இருந்தது அந்தக் கத்தரிப்பூ நிற ஓபி. கிமோனோ மேல் கட்டுகிற பெல்ட் என்று யாராவது சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஒன்பது முழ நீளம், ஒன்றரைச் சாண் அகலம், உடம்பெல்லாம் ஜரிகை. இங்கே அமெரிக்காவில், சன்னிவேலில் யாரோ வீட்டைக் காலி பண்ணிச் சாமான்களை விற்றபோது, டேபிள் விரிப்பு என்று நினைத்துத்தான் அதை எடுத்து வந்தாய். அதன் மேல் சாம்பார்க் கிண்ணத்தை வைத்து விருந்தும் போட்டாய். சாப்பிட வந்த உன் ஆபீஸ் ஜப்பான்காரி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாக, இது இடுப்பில் கட்டுவது என்றாள். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் போன பிறகு, கூறைப்புடவையை விரித்து அதில் சோறு போட்டிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாய். மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லை. கட்டும்போது அது உள்சுற்றில் மறைந்துவிடும் என்று தெரிந்த பிறகுதான் உனக்கு உயிர் வந்தது.

அன்று பிடித்ததுதான் அந்த ஓபி, கிமோனோப் பைத்தியம். சனிக்கிழமையானால் சான் ஹோசேவில் பழைய துணிக்கடை, இல்லாவிட்டால் யார் வீட்டுச் சாமான் விற்பனையாவது. பக்கத்து சீட்டில் நான். புறங்கையால் தடவிப் பார்த்து, இது ஆரணி கனம், இது காஞ்சிபுரம் கனம் என்று தரம் பிரிப்பாய். இடுப்பு ஒன்றுதானே இருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் கேட்டால், நெஞ்சு நிறைய ஆசை இருக்கே என்பாய். கட்டுவதற்கு வகுப்புக்கும் போனாய். முதுகுப் பக்க முடிச்சு மட்டும் கடைசிவரை உன் கைக்கு வரவில்லை.

அதனால்தான் ஜப்பான்காரர்களின் வசந்த விழாவுக்கு நான் கட்டிவிட வேண்டியதாயிற்று. முதல் முறையாக நாலு பேர் பார்க்கக் கிமோனோ உடுத்தப் போகிறாய். எந்தப் பக்கம் மேலே வரணும் என்று வகுப்பில் சொன்னார்களே, மறந்துபோச்சே என்றாய். எனக்கு எப்பவுமே எல்லாம் தெரியுமல்லவா! "முந்தானை எந்தப் பக்கம்டி போகும்? வலதுலேர்ந்து எடதுக்கு. துணின்னா துணிதான்" என்றேன். தாவணி போட்ட நாளிலிருந்து பழகிய கை. வலப்பக்கத்தை மேலே இழுத்து மூடி, ஓபியைச் சுற்றி இறுக்கினேன். விழா வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்தேன்.

உள்ளே போய் ஐந்து நிமிஷம் இருக்காது. ஒரு ஜப்பானியப் பாட்டியம்மா வந்து, யார் காதிலும் விழாமல் ஏதோ சொல்லி, உன் கையைப் பிடித்து ரெஸ்ட்ரூமுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது இடப்பக்கம் மேலே இருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு இப்படித்தானாம். வலப்பக்கம் மேலே வந்தால் அது செத்தவர்களுக்கு உடுத்துகிற முறையாம்.

"அடிப்பாவி, உசுரோட என்னைப் பொணமாக்கிட்டியேடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். காரில் வரும்போதும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான்கே மாதம். ஆபீசில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஃப்யூனரல் ஹோமில் உனக்குப் புடவை கட்டியது நான்தான். முந்தானையை வலதிலிருந்து இடது தோளுக்கு இழுத்தபோதுதான் என் கைக்கு ஞாபகம் வந்தது, இதே கை, இதே திசை என்று. நான் படித்தவள், புரோகிராம் எழுதுகிறவள், ராகுகாலம்கூடப் பார்க்காதவள். ஆனாலும் சொல்கிறேன், நான்தான் உனக்கு முன்கூட்டியே உடுத்திவிட்டேன் என்ற பயம் அன்று பிடித்தது, ஏழு வருஷமாகியும் விடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மாலை போட உன் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தது அந்த வாசல் போட்டோவைத்தான். அதில்தான் நீ நன்றாகச் சிரிக்கிறாயாம். எப்படிச் சொல்வேன் அவரிடம்? ஒவ்வொரு திதிக்கும் உன் ஹாலில் உட்கார்ந்து அந்தக் கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அமெரிக்காவில் பெண்களுக்கான கோட்டெல்லாம் வலப்பக்கம் மேலே வருகிற மாதிரிதான் பட்டன் வைக்கிறார்கள், கவனித்திருக்கிறாயா? நான் ஆம்பளை ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். குளிர் அதிகம் தாங்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று உன் மகள் வந்தது பள்ளிக்கூடக் கடைசி வருஷத்து சீனியர் போட்டோவுக்காக. உன் கிமோனோவில் எடுக்கணுமாம். அம்மாவுக்குக் கட்டிவிட்டது நீங்கள்தானே ஆன்ட்டி என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் ஓபியை எடுத்துத் திரும்புவதற்குள் அவளே கிமோனோவை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கம் மேலே. உன் போட்டோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்.

அவள் கையைப் பிடித்த வேகத்தில் என் நகம் பட்டுவிட்டது. "எடது மேல, கண்ணு. எடது" என்றேன். ஏன் என்று கேட்டாள். ஏழு வருஷம் யாரிடமும் சொல்லாததை உன் பிள்ளையிடம் சொன்னேன். பாட்டியம்மா சொன்னது, நாம் சிரித்தது, எல்லாவற்றையும் சொல்லி, நான்தான் தப்பாகக் கட்டினேன் என்று அழுதேன்.

வாயில் தமிழே வராத அந்தப் பெண், தமிழில் சொன்னாள். "அப்போ அம்மா போட்டோ இப்போ கரெக்ட்தானே, ஆன்ட்டி."

தண்டனையா, மன்னிப்பா, எனக்கு இன்னும் புரியவில்லை. நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய்.

இடப்பக்கத்தை மேலே இழுத்து மூடினேன். கறை உள்ளே போகும்படி ஓபியைச் சுற்றினேன். முடிச்சுப் போட்ட பிறகு, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விரலை உள்ளே விட்டேன். அவள் மூச்சு விட்டாள். ஓபி விரலை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. போட்டோவுக்கு நேரமாகிறது என்று அவள் சொல்லும்வரை விரலை எடுக்கவில்லை.