ரெண்டெழுத்துப் பேர்

17 நவம்பர் 2024, ஞாயிறு

காலையில் சிட்டிபாபு போன் பண்ணினார். டுடோரியல் சென்டர் வைத்திருக்கிறவர். ஊர் வினாடி வினாப் போட்டியை வருஷா வருஷம் அவர்தான் நடத்துகிறார். வரப்போகிற குடியரசு தினத்துக்கு வைத்திருக்கிறாராம்.

"ஜோடிப் பேரு எழுதிக்கலாமா சம்பந்தம்? நீங்களும் முஜீப்பும்தானே?"

இல்லை என்றேன்.

"அப்ப கூட யாரு?"

யாரும் இல்லை என்றேன். நானும் முஜீப்பும் போன ஜனவரியிலிருந்து பேசிக்கொள்வதில்லை என்பது பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரியும். நடந்ததே இவர் மேடையில்தான். என்னமோ புதுசாகக் கேட்கிறார்.

"அப்ப நீங்க கேள்வி எழுதிக் குடுங்க. நடுவரா உக்காருங்க. உங்களை மாதிரி கறாரான ஆளு எனக்கு எங்க கெடைப்பாங்க?"

பாராட்டா, குத்தலா? சரி என்று சொல்லிவிட்டேன்.

18 நவம்பர்

தலைப்பும் அவரே அனுப்பிவிட்டார். சின்னப் பேர் வைத்த பாடகர்கள், இசைக்குழுக்கள். வேண்டுமென்றே கொடுத்தாரா?

வேண்டுமென்றேதான்.

என் பேர் திருஞானசம்பந்தம். அதுவும் கூட ஒரு காரணமாக இருக்கலாம்.

24 நவம்பர், ஞாயிறு

இன்று ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். இப்போதெல்லாம் முந்தானையில் பொண்ணு மாப்பிள்ளை பேரையும் நெய்யச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை பேர் வெங்கடசுப்பிரமணியன். பொண்ணு பேர் புவனேஸ்வரி. நடுவில் ஒரு இதயமும் வேண்டுமாம். எழுத்து கூடினால் டிசைனில் கட்டமும் கூடும். அத்தனை கட்டத்துக்கு எங்கே போவேன்? செல்லப் பேர் ஏதாவது உண்டா என்று கேட்டேன். மாப்பிள்ளையை வீட்டில் பப்பு என்று கூப்பிடுவார்களாம். பொண்ணு முறைத்தது. வெங்கடசுப்பிரமணியனே போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதயம் போயிற்று.

எழுத்தை எண்ணுவதே பிழைப்பு. அதனால்தான் அன்றைக்கும் அப்படிச் சொன்னேன்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். இறுதிச் சுற்று. நானும் முஜீப்பும் ஜோடி, புள்ளியில் முன்னால் இருந்தோம். "ரெண்டே எழுத்தில் பேர் கொண்ட வெளிநாட்டு இசைக்குழு அல்லது பாடகர் யார்?" முஜீப் மணியை அடித்தான். "யூ டூ" என்றான். அயர்லாந்துக் குழு. எழுதும்போது ஆங்கில 'யூ', பக்கத்தில் எண் இரண்டு. சிட்டிபாபுவுக்குக் குழப்பம். "ஒண்ணு எழுத்து, ஒண்ணு எண்ணு. இதை ஏத்துக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். மைக் என் பக்கம் இருந்தது.

"ஏத்துக்க முடியாது" என்றேன்.

தோற்றோம். படியிறங்கும்போது முஜீப் "உன்கிட்ட யாருடா கேட்டா?" என்றான். அதுதான் கடைசி.

கமலவேணி அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "நீங்க அவர் டீமா, எதிர் டீமா?" மனைவி கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எண் எண்தான். எழுத்து ஆகாது.

1 டிசம்பர், ஞாயிறு

கேள்விக்கு மகள் திரிஷாவிடம் உதவி கேட்டேன். பதினொன்றாவது படிக்கிறாள், கொரியாப் பாட்டாகவே கேட்கிறாள். ஐயூ என்று ஒரு பாடகி இருக்கிறாராம். 'நான்', 'நீ' இரண்டையும் ஆங்கிலத்தில் சேர்த்து வைத்த பேராம். சுத்தமான ரெண்டெழுத்து. போன தடவை இதைச் சொல்லியிருந்தால் கோப்பை எங்களுடையது. வீட்டிலேயே இருந்திருக்கிறது பதில். அப்பனும் மகளும் பேசிக்கொண்டால்தானே.

வீ என்று ஒருத்தர். ஒரே எழுத்து. அதையும் எழுதிக்கொண்டேன்.

திரிஷா கிளம்பும்போது சொன்னாள்: "முஜீப் மாமா அன்னிக்கே மைக்ல தெளிவா சொல்லிட்டாரேப்பா. யூ... டூன்னு. உனக்குத்தான் புரியலை."

ஸ்கூல் பிள்ளைகள் விடுகிற டூ. நாற்பத்தேழு வயசில் எனக்கு.

சிரிக்கவில்லை. குளிக்கும்போது சிரித்தேன்.

4 டிசம்பர்

டீக்கடையில் முஜீப். என்னைப் பார்த்ததும் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் என் டீயைப் பார்த்தேன். ஆடை கட்டியிருந்தது.

15 டிசம்பர், ஞாயிறு

ஆபா என்ற ஸ்வீடன் குழு. நாலு பேர், நாலு பேரின் முதல் எழுத்து. வெறும் இனிஷியல்தான், பேரே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் அப்பா என்றே வருகிறது. நம்மூரில் இனிஷியல் என்றாலே அப்பாதான். ஸ்வீடன்காரனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நார்வேயில் ஆஹா என்று ஒரு குழு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. சிட்டிபாபு சொல்கிறார், கேள்வித்தாள் தமிழில் இருப்பதால் தமிழில்தான் எண்ண வேண்டுமாம், ஆஹா ரெண்டெழுத்தாம். அப்படியென்றால் எக்ஸ் என்ற அமெரிக்கக் குழுவுக்கு மூன்றெழுத்து ஆகிவிடும், பரவாயில்லையா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் முஜீப்பிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் முன்பு கேசட்டில் பாட்டுப் பதிவு பண்ணிக் கொடுக்கிற கடை வைத்திருந்தவன். இப்போது அதே கடையில் மொபைல் ரிப்பேர். ஊரில் இந்தப் பேரெல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் அவன் ஒருத்தன்தான். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? கமலவேணியிடம் சொன்னேன். "அப்படியா, வெங்காயம் உரிங்க" என்றாள்.

22 டிசம்பர்

அந்த எக்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம். ஜப்பானிலும் எக்ஸ் என்று ஒரு குழு இருந்திருக்கிறது. இருப்பதே ஒரு எழுத்து, அதற்குப் போட்டி போட ரெண்டு குழு. கடைசியில் ஜப்பான்காரர்கள் பேருக்குப் பின்னால் ஜப்பானைச் சேர்த்துக்கொண்டு விலகிவிட்டார்கள். யாரோ ஒருத்தர் இறங்கித்தான் வர வேண்டியிருக்கிறது.

நான் ஜப்பான்காரன் இல்லை.

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்னொரு குழுவுக்குப் பேர் மூன்று ஆச்சரியக்குறி. அவ்வளவுதான். எழுத்தே கிடையாது. வாயால் சொல்லும்போது 'ச்சிக் ச்சிக் ச்சிக்' என்பார்களாம். அணில் விரட்டுகிற மாதிரி. இதைக் கேள்வியில் சேர்க்கவில்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் தொண்ணூற்று மூன்றில் தன் பேரையே விட்டுவிட்டு ஒரு குறியை வைத்துக்கொண்டாராம். படத்தைப் பார்த்தேன். அப்படியே புடவை உடம்பில் போடுகிற புட்டாப் பூ மாதிரி இருக்கிறது. நெய்தால் நன்றாக வரும். ஆனால் அது எழுத்தா? இல்லை. பதில்தாளில் 'ஒரே எழுத்து' என்ற கேள்விக்கு எக்ஸ், வீ, அப்புறம் எம் என்ற இங்கிலாந்துப் பாடகர், இவ்வளவு மட்டும் எழுதினேன்.

11 ஜனவரி, சனி

முஜீப்பின் மகள் நிக்கத்துக்குக் கல்யாணம். பிப்ரவரி ஒன்பது. ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் எதிர் வீட்டுக்குக் கூட வந்துவிட்டது.

14 ஜனவரி

பொங்கல். வழக்கம் போலக் கமலவேணி முஜீப் வீட்டுக்குப் பொங்கல் எடுத்துப் போனாள். தூக்கு சேமியா பாயசத்தோடு திரும்பி வந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் கேட்டதற்குத்தான் இதைச் சொன்னாள்.

பாயசம் ரெண்டு டம்ளர் குடித்தேன்.

18 ஜனவரி, சனி

வந்தான். பொண்டாட்டி ஷாஹீனோட, தட்டு, பழம், பத்திரிகை எல்லாத்தோடவும் வந்தான். நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு இருந்தேன். எழுந்து வந்தேன். ரெண்டு கையாலயும் தட்டை நீட்டினான்.

"நீங்க குடும்பத்தோட அவசியம் வரணும்."

நீங்க.

நாலாங்கிளாஸ்ல என் சிலேட்டைப் பிடுங்கினதுலேர்ந்து டேய்தான், வாடா போடாதான். எங்கப்பா சாவுக்கு வந்து கட்டிப்பிடிச்சி அழுதப்ப கூட 'டேய் சம்மந்தம்'னுதான் அழுதான். இப்ப நான் நீங்களாம். ஒரு வருஷம் பேசாம இருந்தது கூட எனக்கு இவ்ளோ வலிக்கலை. யாரோ பேங்க் மேனேஜருக்குக் குடுக்குற மரியாதையை எனக்கு எதுக்குக் குடுக்குறான்?

நான் மட்டும் என்ன பண்ணேன்? "கண்டிப்பாங்க"ன்னேன். ங்க போட்டேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஆகட்டும்.

அவங்க போனப்புறம் கமலவேணி கிட்ட சொல்லிட்டேன். நீங்கன்னு கூப்பிட்ட கல்யாணத்துக்கு அந்த நீங்க போய்க்கட்டும், நான் வரலைன்னு. "சரிங்க"ன்னா. இவளுமா.

19 ஜனவரி

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

அவன் எனக்கு வேண்டும். எழுதிவிட்டேன், அவ்வளவுதான். யாரும் படிக்கப்போவதில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

டுடோரியல் மாடியில் நல்ல கூட்டம். முஜீப் இந்தத் தடவை நிக்கத்தோடு ஜோடி. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பொண்ணை மேடையில் உட்கார வைத்திருக்கிறான் என்று ஷாஹீன் முன்வரிசையில் புலம்பிக்கொண்டிருந்தார். நான் நடுவர் மேஜையில் இருந்தேன். சிட்டிபாபு என் கேள்விகளை வாசித்தார்.

கடைசிக் கேள்வி: "பேரே ஒற்றை எழுத்தாக இருந்த பாடகர் அல்லது குழு?" சரியாகச் சொன்னால் முஜீப் ஜோடிக்கு முதல் பரிசு.

முஜீப் மணியை அடித்தான். "பிரின்ஸ்."

கூட்டம் சிரித்தது. முஜீப் அசரவில்லை. "சிரிக்காதீங்கபா. தொண்ணூத்தி மூணுல பேரை எடுத்துட்டு ஒரே ஒரு குறி வெச்சிக்கினார். ஒண்ணே ஒண்ணு. அது ஒத்தை எழுத்து இல்லாம வேற என்ன?" என்றான். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தான். இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவை.

"நடுவர் என்ன சொல்றாரு? ஏத்துக்கலாமா?" என்றார் சிட்டிபாபு. இந்த மனிதர் திருந்த மாட்டார்.

மைக்கை எடுத்தேன். அது எழுத்து இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவு பண்ணியதே நான்தான். ஆனாலும் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு தப்பான பதிலுக்கு மார்க் போட்டால் குடி முழுகிவிடாது.

"ஏத்துக்க..." என்று ஆரம்பித்தேன். ஏத்துக்கலாமுக்கும் ஏத்துக்க முடியாதுக்கும் அது வரைக்கும் ஒரே வழிதான்.

"முடியாது அங்கிள்" என்றாள் நிக்கத், தன் மைக்கில். "அது எழுத்து இல்ல, படம். எங்களுக்கு மார்க் வேணாம்."

முஜீப் திரும்பித் தன் மகளைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை வாங்கியவன் நான். ஆனால் எத்தனை நேரம் அவளை அப்படிப் பார்க்க முடியும்? பதினாலு நாளில் புகுந்த வீட்டுக்குப் போகிற பொண்ணு. கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்து ஷாஹீன் எழுந்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பரிசு. ஒரு ஹாட் பாக்ஸ்.

படியில் என்னை வழிமறித்தான். கையில் ஹாட் பாக்ஸ். முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு, "ஏத்துக்க... அப்புறம் என்ன?" என்றான்.

"லாம்" என்றேன்.

"பொய்யி."

"நெசமா."

நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மொட்டையாகப் பேசிக்கொண்டு நின்றோம். பின்னால் கூட்டம் இறங்க இடமில்லாமல் திட்டியது. இறங்கிப் போனான்.

27 ஜனவரி

கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைக் கமலவேணி இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் நானே போய் வாங்கி வந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஒலிமுகமதுபேட்டை மண்டபம். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. நிக்கத் என்னைப் பார்த்து, "அங்கிள், என்மேல கோவமா?" என்று கேட்டாள். நீ சொன்னது சரி என்றேன்.

நாங்கள் போனபோது முஜீப் வாசலில் எல்லோரையும் 'வாங்க வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு வாங்க விழுந்தது. கூட்டத்தோடு விழுந்தது, எனக்கென்று சொன்னதா தெரியவில்லை. உள்ளே போய் ஒரு தூண் பக்கமாக நின்றேன். தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தூணை விட்டு நகரவில்லை.

ரெண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது. பிரியாணி போட்டாயிற்று. தண்ணீர் பாட்டில் தீர்ந்துவிட்டது. முஜீப் அந்தக் கோடியில் தொப்பி சரிய, வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தான். சம்பந்தி வீட்டார் பக்கத்திலேயே இருந்தார்கள். அதையெல்லாம் பார்க்காமல் அங்கிருந்தே கத்தினான்.

"டேய், அங்க என்னடா சும்மா நின்னுக்கினு இருக்கே? தண்ணி கேஸை எடுத்தாடா."

இளவட்டப் பையன்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் கிளம்பக் கூடக் கிளம்பினான். அவனை நிறுத்திவிட்டு நான் போனேன்.

கேஸ் நல்ல கனம். ரெண்டாவது கேஸில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கமலவேணி இப்போதுதான் தைலம் தேய்த்துவிட்டாள். "அங்க அவ்ளோ பசங்க இருந்தாங்களே, நீங்க ஏன் தூக்குனீங்க?" என்று கேட்டாள்.

என்னைத்தான் கூப்பிட்டான் என்றேன்.